டெபியன் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள்

டெபியன் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் என்பன டெபியன் குனூ/லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான வெளியீட்டில் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளைக் களைவதற்காக வெளியிடப்படும் திருத்திய பொதிகள் ஆகும். டெபியன் பாதுகாப்புக் குழு இவற்றைத் தனியான ஒரு களஞ்சியத்தின் வழியாக வழங்குகின்றது. முக்கியமான திருத்தங்களுடன் டி.எஸ்.ஏ. என்று தொடங்கும் எண் கொண்ட அறிவித்தலும் வெளியாகும். இத்திருத்தங்களைப் பெறாத கணினியும் வெளிப்பார்வைக்கு வழமைபோல் இயங்கும் என்பதால், அவை வந்து சேர்கின்றனவா என அவ்வப்போது சரிபார்ப்பது அவசியமாகும்.

சரிபார்க்கும் முறை

பொதிகளைக் கையாளும் ஆப்ட் என்னும் கருவி, தனது மூலப் பட்டியலில் உள்ள களஞ்சியங்களை மட்டுமே நாடும். பாதுகாப்புக் களஞ்சியம் அப்பட்டியலில் இல்லாவிடின், "இற்றைப்படுத்த எதுவும் இல்லை" என்னும் பொருளில் அது தரும் விடை உண்மை நிலையைக் காட்டாது. எனவே பின்வருவனவற்றை வரிசையாக நோக்குதல் வேண்டும்.

1. மூலப் பட்டியல்: பாதுகாப்புக் களஞ்சியத்தின் வரி இருத்தல் வேண்டும். டெபியன் 10 வரை இவ்வரியில் வெளியீட்டின் பெயருக்குப் பின் சாய்கோடும் "அப்டேட்ஸ்" என்ற சொல்லும் இடம்பெற்றன. 2021 இல் வெளியான டெபியன் 11 முதல் பெயருக்குப் பின் இணைகோடும் "செக்யூரிட்டி" என்ற சொல்லும் வருகின்றன. வெளியீட்டின் பெயரை மட்டும் மாற்றிப் பழைய வடிவத்தை அப்படியே விட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைப்பதில்லை.

2. பிழைச் செய்திகள்: "ஆப்ட் அப்டேட்" கட்டளையை இயக்கும்போது கையொப்பம், காலாவதி, காணப்படாத கோப்பு பற்றிய செய்திகள் தோன்றினால் அவற்றைப் புறக்கணித்தல் ஆகாது.

3. பொதியின் பதிப்பு: "ஆப்ட் பாலிசி" கட்டளை, நிறுவப்பட்ட பதிப்பையும் நிறுவக்கூடிய பதிப்பையும் அதன் களஞ்சியத்தையும் காட்டும். நிறுவப்பட்ட பதிப்பை அறிவித்தலில் உள்ள பதிப்புடன் ஒப்பிடலாம். நிறுத்தி வைக்கப்பட்ட பொதிகள் இற்றைப்படுத்தப்படமாட்டா.

4. பதிவுக் கோப்புகள்: ஆப்ட் கருவியின் வரலாற்றுப் பதிவு, எந்நாளில் எப்பொதி மாறியது எனக் காட்டும். தானியங்கி இற்றைப்படுத்தலுக்கான "அனட்டெண்டட் அப்கிரேட்ஸ்" பொதிக்குத் தனிப் பதிவு உண்டு.

பதிப்பெண் தரும் குழப்பம்

நிலையான வெளியீட்டில் பெரும்பாலும் மென்பொருளின் புதிய பதிப்பு புகுத்தப்படுவதில்லை. பழைய பதிப்பிலேயே திருத்தம் மட்டும் சேர்க்கப்படுகின்றது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறை, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1ஜி பதிப்பில் நீக்கப்பட்டது. டெபியன் 7 அத்திருத்தத்தை 1.0.1இ பதிப்பிலேயே சேர்த்தது. ஆகவே முதன்மை எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்குத் திருத்திய பொதியும் குறையுடையது போலத் தோன்றக்கூடும். பதிப்பெண்ணின் இறுதியில் வரும் டெபியனின் சொந்த எண்ணே திருத்தத்தைக் காட்டும்.

நிறுவிய பின்

வட்டில் உள்ள நூலகக் கோப்பு மாறினாலும், முன்னரே இயங்கிக்கொண்டிருக்கும் சேவைகள் நினைவகத்தில் உள்ள பழைய நூலகத்தையே பயன்படுத்தும். அவற்றை மீளத் தொடங்க வேண்டும். "நீட்ரீஸ்டார்ட்" பொதி இத்தகைய சேவைகளைக் கண்டறிய உதவுகின்றது. கருனி மாறியிருப்பின் பொதுவாகக் கணினியையே மீளத் தொடங்க வேண்டும்.

சில வேளைகளில் அதுவும் போதாது. 2006 இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தால் எழுமாற்று எண்கள் ஊகிக்கக்கூடியவை ஆயின. ஒவ்வொரு சாவி வகைக்கும் அளவுக்கும் ஏறத்தாழ 32,767 சாவிகளே உருவாகக்கூடிய நிலை ஏற்பட்டது. 2008 மே 13 அன்று டி.எஸ்.ஏ. 1571 அறிவித்தலுடன் திருத்தம் வெளியானது. எனினும் இடைப்பட்ட காலத்தில் உருவாக்கிய சாவிகள் பலவீனமாகவே இருந்தன. அவற்றை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

ஆதரவுக் காலம்

ஒரு நிலையான வெளியீட்டுக்குப் பாதுகாப்புக் குழு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் திருத்தம் வழங்கும். பின்னர் நீண்டகால ஆதரவுக் குழு மொத்தம் ஐந்தாண்டுகள் நிறையும் வரை தொடரும். டெபியன் 10 க்கான நீண்டகால ஆதரவு 2024 சூன் 30 அன்று முடிவுற்றது. ஆதரவு முடிந்த வெளியீட்டில் மேற்கூறிய சோதனைகளில் பிழை தென்படாவிடினும், அது பாதுகாப்பானது எனக் கொள்ள இயலாது.