அசலை வென்ற நகல்!

"போலி" என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்போம். போலி மருந்து, போலி நகை, போலி ரூபாய் நோட்டு என்று எதையும் தெரிந்தே யாரும் வாங்குவதில்லை. ஆனால், ஒரு பொருளின் நகலைத் தேடித் தேடி வாங்கிச் சேர்க்கும் ரசிகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். 1970-களில் ஜப்பானில் தயாரான எலெக்ட்ரிக் கிடார்தான் அந்தப் பொருள்.

இரண்டு அமெரிக்கக் கிடார்கள்

மெல்லிசைக் கச்சேரிகளில் எலெக்ட்ரிக் கிடாரைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானவற்றுக்கு உள்ளே கூடான பெட்டி கிடையாது. கெட்டியான மரப்பலகைதான் உடல். தந்திகளுக்குக் கீழே காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட "பிக்-அப்" இருக்கும். தந்தியின் அதிர்வை அது மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும்.

இந்தக் கிடார்களில் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளுக்குத்தான் பெரிய பெயர். ஒன்று, கலிபோர்னியாவில் லியோ பெண்டர் தொடங்கிய பெண்டர் கம்பெனி. அதன் "ஸ்ட்ராட்டோகாஸ்டர்" 1954-ல் வெளிவந்தது. மற்றொன்று, அப்போது மிச்சிகன் மாநிலம் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் கம்பெனி. அது லெஸ் பால் என்ற கிடார் கலைஞரின் பெயரிலேயே 1952-ல் ஒரு கிடாரை வெளியிட்டது.

1965-ல் பெண்டர் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 1969-ல் கிப்சனும் வேறு முதலாளிகளிடம் போயிற்று. உற்பத்தி பெருகியது. "பழைய வேலைத்திறன் இல்லை" என்று வாசிப்பவர்கள் குறைப்பட்டுக் கொண்டார்கள். இந்த நேரத்தில்தான் ஜப்பான் களத்தில் இறங்கியது.

தையல் மிஷின் பெட்டி செய்தவர்கள்

ஜப்பானின் நகானோ மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த நகரம் மட்சுமோட்டோ. அங்கே "மட்சுமோக்கு" என்ற மரவேலைக் கம்பெனி இருந்தது. நம் ஊர் தையற்காரர்களுக்கெல்லாம் தெரிந்த சிங்கர் தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்து கொடுத்த கம்பெனி அது. அதே கைகள் பிறகு கிடார் செய்தன. அதே நகரில் 1960-ல் "பூஜிஜென்" என்ற கிடார் தொழிற்சாலையும் தொடங்கியது. ஹமமட்சு நகரில் "டோக்கை" கம்பெனி இருந்தது.

1971 வரை ஒரு டாலருக்கு 360 யென். அதனால் ஜப்பான் சரக்கு அமெரிக்காவில் மலிவாக விற்றது. தொடக்கத்தில் வந்த நகல்களுக்குத் தோற்றம் மட்டும்தான் அசல்போல. பலவற்றின் உடல் பிளைவுட். ஆண்டுக்கு ஆண்டு வேலை மேம்பட்டது. 1970-களின் கடைசியில் டோக்கை கம்பெனி, அன்றைய அமெரிக்கக் கிடாரை விட்டுவிட்டு, 1950-களின் பழைய கிடாரையே மாதிரியாக எடுத்துக்கொண்டது. நகலின் மதிப்பு உயர்ந்தது இப்படித்தான்.

கண்டுபிடிப்பது எப்படி?

பெயரை மட்டும் நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே தொழிற்சாலை பல பெயர்களில் கிடார் செய்தது. "ஐபனெஸ்", "கிரெக்கோ" என்று வெவ்வேறு வியாபாரிகளுக்கு வெவ்வேறு பெயரில் கிடார் செய்து கொடுத்தது பூஜிஜென். "அரியா" என்ற பெயரில் வந்தவை மட்சுமோக்குவில் தயாரானவை. ஆகவே, ரசிகர்கள் வேறு அடையாளங்களைப் பார்க்கிறார்கள்.

முதலில் கழுத்து. அசல் லெஸ் பால் கிடாரில் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஆரம்ப கால ஜப்பான் நகல்களில் பின்பக்கம் நான்கு ஸ்குரு போட்டு முடுக்கியிருக்கும். பிந்திய உயர்ந்த ரகங்களில் ஒட்டு வேலை வந்துவிட்டது. பெண்டர் கிடார்களில் அசலுக்கே ஸ்குருதான் என்பதால், அங்கே இந்தச் சோதனை பயன்படாது.

அடுத்தது உடல். பிக்-அப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் குழியின் ஓரத்தைப் பார்க்கவேண்டும். அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

மூன்றாவது எண். பூஜிஜென் செய்த ஐபனெஸ் கிடார்களில் 1975 வாக்கிலிருந்து ஓர் ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து எண்களும் இருக்கும். எழுத்து மாதத்தைக் குறிக்கும். "ஏ" என்றால் ஜனவரி. "எல்" என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு எண்கள் ஆண்டு. "எச் 76" என்று தொடங்கினால் 1976 ஆகஸ்டு.

நான்காவது ரகப் பெயர். டோக்கையின் "எல்.எஸ். 80" என்றால், ஜப்பானில் அதன் விலை 80 ஆயிரம் யென். "எல்.எஸ். 50" என்றால் 50 ஆயிரம். கிரெக்கோவின் "ஈ.ஜி. 700" 70 ஆயிரம் யென். எண் பெரிதானால் மரமும் வேலையும் உயர்வு.

கடைசியாக அளவு. ஜப்பான் கிடாரின் பாகங்கள் மில்லிமீட்டர் கணக்கு; அமெரிக்கக் கிடார் அங்குலக் கணக்கு. ஒன்றின் குமிழ் மற்றதன் தண்டில் பெரும்பாலும் சரியாகப் பொருந்தாது. நல்ல ஜப்பான் கிடாரில் ஜப்பானியப் பெயரை அழித்துவிட்டு, "கிப்சன்", "பெண்டர்" என்று ஒட்டி விற்கும் மோசடிக்காரர்கள் உண்டு. அவர்களுடைய குட்டு பல தடவை இந்தச் சின்னக் குமிழால்தான் உடைகிறது.

கோர்ட்டுக்குப் போன தலை

"இது வழக்குக் காலத்துக் கிடார்" என்று சொல்லி விலையை ஏற்றுவது வியாபாரிகளின் இன்னொரு தந்திரம். நடந்தது ஒரே ஒரு வழக்கு. 1977 ஜூன் மாதம், கிப்சனின் உரிமையாளரான நார்லின் நிறுவனம், ஐபனெஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனி மீது பிலடெல்பியா கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. தந்திகளை முறுக்கும் ஆணிகள் உள்ள தலைப்பகுதியின் வடிவம் பற்றித்தான் தகராறு. வழக்கு வரும் முன்பே ஐபனெஸ் தலையின் வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. 1978-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. கிரெக்கோவோ டோக்கையோ அந்த வழக்கில் பிரதிவாதிகள் அல்ல. ஆகவே, "வழக்குக் கிடார்" என்ற பட்டத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவு.

நகல் செய்தவர்களுக்கே ஆர்டர்

கிப்சன் கோர்ட்டுக்குப் போயிற்று. பெண்டர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1982-ல் ஜப்பானிய வியாபாரிகளுடன் கூட்டுச் சேர்ந்து "பெண்டர் ஜப்பான்" என்ற நிறுவனத்தை அமைத்தது. கிரெக்கோ பெயருக்குச் சொந்தமான கம்பெனியும் அதில் ஒரு பங்காளி! கிடார் செய்யும் வேலை பூஜிஜென்னுக்குக் கிடைத்தது. "ஜே.வி." என்ற எழுத்துக்களோடு தொடங்கும் அந்த முதல் கிடார்களுக்கு இன்றும் நல்ல கிராக்கி.

1985-ல் சி.பி.எஸ்., பெண்டர் கம்பெனியை அதன் நிர்வாகிகளிடமே விற்றுவிட்டது. கலிபோர்னியாவில் இருந்த பழைய தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. புதிய தொழிற்சாலை சூடுபிடிக்கும் வரை பெண்டர் விற்ற கிடார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்தே போயிற்று. நகல் செய்த கைகளே அசல் கம்பெனிக்குக் கைகொடுத்தன.

மட்சுமோக்கு 1987-ல் மூடப்பட்டது. அங்கே மரம் இழைத்தவர்களின் பெயர் எந்தக் கிடாரின் தலையிலும் எழுதப்படவில்லை. ஆனால், பழைய கிடார் ஒன்றைக் கழற்றிப் பார்க்கிறவர், பிசிறில்லாத இணைப்பைக் கண்டதும் அவர்களுடைய வேலையை அடையாளம் தெரிந்துகொள்கிறார். பெயரைப் பார்த்து விலை பேசுகிறவர் ஏமாறலாம். வேலையைப் பார்க்கத் தெரிந்தவர் அவ்வளவு எளிதில் ஏமாறமாட்டார்.