மேடையை விடாத பிருதிவிராஜ் கபூர்

பம்பாய் மாட்டுங்காவில் நம்மவர்கள் நிறைந்திருந்த காலத்தில், அதே பகுதியில் பிருதிவிராஜ் கபூரும் குடியிருந்தார் என்பதை இன்றைய இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? "அக்பர் வேஷம் தரித்தவர்தானே?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை அவருடைய புதல்வர் ராஜ் கபூரிடம் திருப்பிவிடுவார்கள்.

1906ஆம் வருஷம் பஞ்சாபில் பிறந்து, பெஷாவர் எட்வர்ட்ஸ் கல்லூரியில் நாடகம் பழகிய அவர், சட்டப் படிப்பைப் பாதியில் விட்டு, அத்தையிடம் கடன் வாங்கிய பணத்துடன் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். 1931இல் நம் நாட்டின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா'வில் நடித்தார். பின் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் படங்கள், 1941இல் 'சிக்கந்தர்'. இவ்வளவில் நின்றிருந்தால் செல்வமும் புகழும் குறைவின்றி வாய்த்திருக்கும்.

ஆனால் அவர் 1944இல் பிருதிவி தியேட்டர் என்னும் நாடகக் குழுவைத் தோற்றுவித்தார். படங்களில் ஈட்டிய பணம் அதற்குச் சென்றது. சார்னி ரோடு நிலையத்தருகே உள்ள ராயல் ஆப்பரா ஹவுஸ் அவர்களுடைய பிரதான அரங்கம். 1945இல் ஆடிய 'தீவார்' நாடகத்தில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பிக்கு நடுவே சுவர் எழும்புகிறது. இறுதியில் அது இடிக்கப்படுகிறது. இரண்டு வருஷங்களில் தேசமே பிரிந்தது. அந்தச் சுவரை இடிப்பார் இல்லை. 1947இல் வந்த 'பட்டான்' நாடகத்திலோ, ஹிந்து நண்பனின் மகனைக் காக்கத் தன் ஒரே மகனைப் பலி கொடுக்கிறான் ஒரு முஸ்லிம் கான். அந்த வருஷத்தில் அத்தகைய கதையை மேடையேற்றுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

குழு ஊர் ஊராக மூன்றாம் வகுப்பு வண்டியில் சென்றது. அவரும் அதிலேயே சென்றார். சமையலும் எல்லாருக்கும் ஒன்றே. நாடகம் முடிந்ததும் வாயிலில் துணியை ஏந்தித் தலைகுனிந்து நிற்பார். சற்று முன் கர்ஜித்தவர் முன்னே வெளியேறும் ஜனங்கள் இயன்றதை இடுவார்கள்; அது துயருற்றோர் நிதிக்குச் செல்லும். நம் சங்க ஆண்டு விழாவில் உண்டியலைக் கையில் எடுக்கக் கூசுகிறோம் நாம், நானும் கூசியவனே.

1952இல் அவர் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். அப்பதவியைக் கொண்டு அவர் பெற்றுத் தந்தவற்றுள், ரயில்வே குமாஸ்தாவாகிய என் கண்ணில் முதலில் படுவது ஒன்றுண்டு: கலைஞர்களுக்கு ரயில் கட்டணத்தில் 75 சதவிகிதச் சலுகை. திரைச்சீலையும் வேஷப் பெட்டிகளும் சுமந்து செல்லும் குழுவுக்கு வண்டிச் சத்தம் எத்தனை பெரும் பாரம் என்பதை, டிக்கெட் எழுதிக் கொடுக்கும் என்னைப் போன்றோர் நன்கு அறிவோம். முக்கால் பங்கு குறைந்தால் போகலாம். குறையாவிட்டால் ஊரிலேயே இருக்க வேண்டியதுதான். பல சிறு குழுக்களை உயிரோடு வைத்திருந்தது அந்தச் சலுகைச் சீட்டு. 2020 மார்ச்சில் நிறுத்தி வைக்கப்பட்ட சலுகைகளில் அதுவும் ஒன்று.

பதினாறு வருஷங்களில் 2,662 தடவை மேடையேறினார். யாவற்றிலும் அவரே நாயகர். தொண்டை நொந்தது, பண நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 1960இல் குழு கலைந்தது. அதே 1960 ஆகஸ்டில் 'மொகலே ஆஜம்' வெளியாயிற்று. தமிழிலும் 'அக்பர்' என்று அடுத்த வருஷம் வந்தது. தேசம் முழுவதும் வியந்து கேட்ட அந்தக் குரலுக்கு மேடை இல்லாமற் போயிருந்தது. சிலர் அந்தப் படத்தையே அவருடைய சிகரம் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

1972 மே 29இல் அவர் காலமானார். 1971ஆம் வருஷத்துத் தாதாசாகேப் பால்கே விருது அவர் மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. 1978இல் புதல்வர் சசி கபூரும் மருமகள் ஜெனிபரும் ஜுஹுவில் பிருதிவி தியேட்டர் அரங்கைத் திறந்தனர். ஊர் ஊராய்ச் சுற்றியவரின் பெயருக்கு அப்போதுதான் நிலையான கூரை ஒன்று கிடைத்தது.