பௌர்ணமி இரவும் மருந்து வேளையும்

ஐப்பசிப் பௌர்ணமி அன்று தஞ்சைப் பெரிய கோயிலிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் லிங்கத் திருமேனி வெண்சோற்றால் மூடப்பட்டிருக்கும். அன்னாபிஷேகம் காணக் கூட்டம் அலைமோதும். வட மாநிலங்களில் இதே பருவத்தின் பௌர்ணமியை சரத் பூர்ணிமா என்று கொண்டாடுகிறார்கள். அன்றிரவு விழித்திருப்பவர்களைத் தேடி மகாலட்சுமி வருவாள் என்பதும், நிலவொளியில் வைத்த பால் பாயசத்தில் அமுதம் இறங்கும் என்பதும் அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

நம்பிக்கை அளவில் இவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால், "பௌர்ணமி வந்தால் மூச்சிரைப்பு கூடும், வலிப்பு வரும், புத்தி பேதலிக்கும்" என்ற பேச்சு அப்படிப்பட்டதல்ல. பழியை நிலவின் மேல் போட்டுவிட்டால் மருத்துவரிடம் போவது தள்ளிப்போகிறது. அதற்குள் நோய் முற்றிவிடுகிறது.

நிலவு உடலை என்ன செய்கிறது?

"கடலையே பொங்க வைக்கும் நிலவு, தண்ணீர் நிறைந்த நம் உடலைச் சும்மா விடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நிலவுக்கு அருகில் உள்ள பூமியின் பக்கத்தில் நிலவின் ஈர்ப்பு சற்றுக் கூடுதல், மறுபக்கத்தில் சற்றுக் குறைவு. பல்லாயிரம் கிலோமீட்டர் தூரத்துக்கு விரியும் இந்த வேறுபாட்டால்தான் கடல் பொங்குகிறது. ஐந்தாறு அடி உயர மனித உடலில் அந்த வேறுபாடு இல்லை என்றே சொல்லிவிடலாம்.

தூக்கத்தின் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் தூக்க ஆய்வகத்தில் தங்கிய 33 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவர்கள் சுமார் 20 நிமிடம் குறைவாகத் தூங்கியதாக 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அர்ஜென்டினாவின் தோபா பழங்குடி மக்களும் அமெரிக்காவின் சியாட்டில் நகர மாணவர்களும் பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் தாமதமாகவும் குறைவாகவும் தூங்கியதை 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்று முடித்த ஆய்வுகளும் உண்டு. வலிப்பைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் டாம்பா நகர மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பௌர்ணமியன்று வலிப்பு கூடியதாகத் தெரியவில்லை.

உண்மையான ஆபத்து எங்கே?

பௌர்ணமி இரவில் நாம் செய்யும் மூன்று காரியங்களில்தான் ஆபத்து இருக்கிறது: கண்விழிப்பது, பட்டினி கிடப்பது, மருந்தை நிறுத்துவது.

தூக்கம் கெட்டால் வலிப்பு தூண்டப்படலாம். ஒற்றைத் தலைவலி வரலாம். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு அதீத எழுச்சி நிலை தொடங்கலாம். இந்த நோய்கள் உள்ளவர்கள் சாமியை மாலையிலேயே கும்பிட்டுவிட்டு, வழக்கமான நேரத்தில் மாத்திரை போட்டுப் படுப்பது நல்லது.

அடுத்தது பட்டினி. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். விரதம் இருந்துகொண்டு, இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு நடந்தால், பாதி வழியில் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். உடனே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் சாப்பிட வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள். விரதத்தன்று மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். முள் குத்தினாலும் தெரியாது. சின்னப் புண் பெரிய புண்ணாகிவிடும்.

மூன்றாவது, மருந்தை நிறுத்துவது. ஐப்பசி, கார்த்திகை நம் கூதிர்ப் பருவம். வடகிழக்குப் பருவமழையின் ஈரம், சுவரில் படரும் பூஞ்சை, சளிக் காய்ச்சல் கிருமிகள், தீபாவளிப் பட்டாசுப் புகை எல்லாம் சேர்ந்து ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். பழி மட்டும் பௌர்ணமிக்குப் போய்விடுகிறது. சித்ரகூடத்தில் சரத் பூர்ணிமா இரவில், மூலிகைப் பொடி கலந்த பாயசத்தை நிலவில் வைத்து விடியலில் ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. பிரசாதமாக ஒருவர் உண்பது அவர் விருப்பம். அதை நம்பி இன்ஹேலரை நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும். பால் உணவு இரவு முழுக்கத் திறந்தவெளியில் இருந்தால் கிருமிகள் பெருகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கண்ணெதிரே வலிப்பு வந்தால்

சாவிக்கொத்தையோ இரும்புக் கம்பியையோ கையில் திணிப்பது இன்றும் நடக்கிறது. அதனால் வலிப்பு நிற்காது. வலிப்பு தானாக அடங்கும் வேளையில் கையில் இரும்பு இருந்ததால்தான், இரும்பு வலிப்பை நிறுத்தும் என்ற பெயர் வந்தது. செய்ய வேண்டியது இதுதான்: அருகில் கல், அடுப்பு இருந்தால் அகற்றுங்கள். தலைக்கடியில் மடித்த துணியை வையுங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, தண்ணீர், விரல் எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108.

சட்டம் என்ன சொல்கிறது?

"பௌர்ணமி பூஜையில் வைத்த தாயத்து வலிப்பைத் தீர்க்கும்" என்று விளம்பரம் செய்வது குற்றம். 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் வலிப்பு, மனநோய், நீரிழிவு, புற்றுநோய் உட்பட 54 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றையும் நோய் தீர்ப்பவையாக விளம்பரப்படுத்தக் கூடாது. முதல்முறை தண்டிக்கப்பட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விளம்பரத்தின் படத்தையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரப்படுத்தி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் வழி கேட்கலாம்.

சட்டம் தடுக்கும் இன்னொரு செயல், மனநலம் பாதித்தவரைச் சங்கிலியால் கட்டுவது. அதன் விலையைத் தமிழ்நாடு அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டிப் போடப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். இன்று நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அரசு செலவில் சிகிச்சை பெறுவது மனநோயாளியின் உரிமை. இலவச சட்ட உதவியும் அவருக்கு உரிமை. ஒரு வீட்டில் அவர் துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம். காவல் அதிகாரி அதை நீதித்துறை நடுவரிடம் கொண்டுசெல்லக் கடமைப்பட்டவர்.

உதவிக்கு யாரை அழைப்பது?

மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. உடல்நல ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104. சட்ட உதவிக்கு 15100. அவசரத்துக்கு 108.

உண்மையிலேயே பௌர்ணமியில் தொல்லை கூடுகிறதா என்ற சந்தேகம் இருந்தால், நாட்காட்டியில் மூன்று மாதம் குறித்து வையுங்கள். தொல்லை வந்த தேதி, தூங்கிய நேரம், தவறிய மருந்து, சாப்பிடாத வேளை ஆகியவற்றை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்கு அது பெரிய உதவி.

நிலாச்சோறு உண்ணுங்கள், கிரிவலம் செல்லுங்கள், அன்னாபிஷேகம் காணுங்கள். எந்தத் தெய்வமும் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து வேளை மட்டும் தவற வேண்டாம்.