வெள்ளிக் கரண்டி நான்கே நான்கு!

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வெள்ளிப் பாத்திரத்துக்கு வரி உண்டு. 1776-ம் ஆண்டில் வரி அதிகாரிகள் ஜான் வெஸ்லிக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் வெள்ளியை மறைத்து வைத்திருப்பதாகச் சந்தேகம்!

வெஸ்லி, "மெதடிஸ்டு" கிறிஸ்தவ இயக்கத்தின் தலைவர். அவருடைய புத்தகங்கள் ஏராளமாக விற்றன. வீட்டில் வெள்ளி குவிந்து கிடக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அவர் பதில் எழுதினார். லண்டனில் 2 தேக்கரண்டி. பிரிஸ்டலில் 2 தேக்கரண்டி. அவரிடம் இருந்த வெள்ளி அவ்வளவுதான்! சுற்றிலும் பலர் ரொட்டி இல்லாமல் தவிக்கையில், மேலும் வாங்கப்போவது இல்லை என்றும் தெரிவித்தார்.

அப்படியானால், வந்த பணம்? ஏழைகளுக்குப் போயிற்று.

1791-ல், 87-வது வயதில் வெஸ்லி காலமானார். தமது உடலை 6 ஏழைகள் சுமக்க வேண்டும். அவர்களுக்கு ஆளுக்கு 1 பவுண்டு கொடுக்க வேண்டும். சாரட்டு வண்டி கூடாது என்று உயில் எழுதி வைத்திருந்தார்.