சவ்வார் ஃபேர்: கைக்கும் வாய்க்கும் ஒரே சொல்லா?

ஆங்கில நாவல்களிலும் நாளிதழ்களிலும் 'சவ்வார் ஃபேர்' என்ற சொல் அவ்வப்போது தலைகாட்டும். எந்தச் சபையிலும் தடுமாறாமல், யார் மனமும் கோணாமல் பேசிப் பழகும் சாமர்த்தியம் என்று அங்கே பொருள். நாம் இங்கிதம் என்கிறோமே, ஏறக்குறைய அது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் புழங்கும் இச்சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரரிடம் இதே பொருளில் சொன்னால் சற்று விழிப்பார்!

'சவ்வார்' என்றால் தெரிந்திருத்தல். 'ஃபேர்' என்றால் செய்தல். தொழில் தெரிந்த கை என்பதே அவர்கள் ஊரில் முதற்பொருள். 2018இல் க்ராஸ் வட்டாரத்து வாசனைத் திரவியக் கலையும், 2022இல் பகெத் என்னும் நீள ரொட்டி சுடும் கலையும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறின. இரண்டின் பிரெஞ்சுப் பெயரிலும் இச்சொல் உண்டு. (ரொட்டிக்கா இத்தனை பெருமை என்று கேட்காதீர்கள். நம் வீட்டுப் பாட்டிகளின் கைப்பக்குவத்தைப் பட்டியல் போட ஆளில்லை, அவ்வளவுதான்.)

நயமாகப் பழகுவதற்கு அவர்கள் சொல்வது 'சவ்வார் விவ்ர்', வாழத் தெரிதல். ஸ்தாஃப் சீமாட்டி என்ற புனைபெயரில் ஒரு பெண்மணி 1889இல் இதற்கென்றே நூல் எழுதினார். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. சாப்பாட்டு மேஜையில் கைகளை மடியில் மறைக்காமல் மேஜை விளிம்பில் வைக்க வேண்டும். இங்கிலாந்திலோ நேர் எதிர்!

இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். கடினமானது 'து', 'வு' என்ற இரு சொற்கள். நம் நீ, நீங்கள் போல. 'வு'விலிருந்து 'து'வுக்கு இறங்கலாம் என்று பொதுவாக மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும். இளையவர் முந்திக்கொண்டால் அதிகப்பிரசங்கித்தனம். மூத்தவர் அழைத்த பிறகும் 'வு'விலேயே நின்றால், விலகி நிற்பதாக எண்ணுவார். எந்த நொடியில் என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகள் இந்தியில் 'ஆப்' என்று சரளமாகச் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து வந்த தாத்தாவை "நீ எப்ப வந்தே?" என்று கேட்கும்போது, பெரியவர் சிரித்து மழுப்புவதைப் பலர் வீட்டில் பார்க்கலாம். பிரெஞ்சுப் பாடத்தில் 'வு' கற்கும் நாளிலேயே 'நீங்க'வையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன?

பிரெஞ்சு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 'சவ்வார் ஃபேர்' என்று எழுதினால் தொழில்திறன் என்றே எடுத்துக்கொள்வார்கள். பழகும் பாங்குக்கு வேலைக்கு ஆள் எடுப்போர் வைத்திருக்கும் சொல் வேறு: 'சவ்வார் எத்ர்', இருக்கத் தெரிதல்.