விபூதிக்கு வரி இல்லை, கற்பூரத்துக்கு உண்டு

திருவண்ணாமலை கோயிலைச் சுற்றியுள்ள பூஜைச் சாமான் கடைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விபூதி, குங்குமம், ருத்ராட்சம், விளக்குத் திரி எதற்கும் ஜிஎஸ்டி கிடையாது. ஊதுபத்திக்கு 5 சதவீதம். கற்பூரத்துக்கும் வரி உண்டு. ஒரே பையில் போட்டுக் கொடுக்கும் பொருள்கள்தாம், ஆனால் பில்லில் தனித்தனி வரி. மென்பொருள் இதை நொடியில் பிரித்துவிடுகிறது. எந்தப் பொருளுக்கு எந்த ஹெச்எஸ்என் வகைப்பாட்டு எண் என்று முதல் நாள் பதிந்து வைப்பதோ ஒரு கணக்கர். அவர் கை தவறினால், வருஷம் முழுக்க ஒவ்வொரு பில்லிலும் அதே தவறு அச்சாகும்.

ஒரு தலைமுறைக்கு முன் கணக்குப்பிள்ளையின் பெருமையே கூட்டலில் இருந்தது. நாளேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவார். பத்து ரூபாய் இடித்தாலும் ராத்திரி உட்கார்ந்து தேடுவார். 1986-ல் பெங்களூரில் தொடங்கிய டாலி நிறுவனத்தின் மென்பொருள், மெல்ல மெல்ல அந்த வேலையை வாங்கிக்கொண்டது. அதுவரை கணக்கு கடைக்குள்தான் இருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு அது கடையை விட்டு வெளியேறி, அரசின் இணையதளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையான மாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் உள்ளீட்டு வரி வரவு. 2022 ஜனவரி 1 முதல், சரக்கு கொடுத்தவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் ஏற்றினால்தான் இந்தக் கழிவு கிடைக்கும். ஏற்றினாரா என்பது மாதா மாதம் 14-ம் தேதி 2பி என்ற அறிக்கையில் தெரியும். மாத ரிட்டர்ன் போடுபவருக்கு 20-ம் தேதி கெடு. இடையில் இருக்கும் ஆறு நாளில் கணக்கர் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் வரிவரியாக ஒப்பிட வேண்டும், விடுபட்ட பில்லுக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் போன் போட வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய் வரை உள்ள வியாபாரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம் என்பதால், அவர்களிடம் வாங்கியவருக்குக் கழிவு தள்ளிப்போவதும் உண்டு. “பணம் கொடுத்துத்தானே சார் வாங்கினேன், ஏன் வரவில்லை?” என்று முதலாளி கேட்பது நியாயம்தான். பதில் சொல்ல வேண்டியவர் கணக்கர்.

விதி மாறும் நாள்களில் இந்தப் பொறுப்பு இன்னும் கனக்கும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை உள்ள, முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. உடனே 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்தது. ஆரணி போன்ற அரிசி ஆலை ஊரில் அந்த ஒரு கிலோ வித்தியாசத்தை பில்லில் சரியாகக் காட்டுவது கணக்கர் கையில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான லாட்ஜ் அறைகளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கூடவே உள்ளீட்டு வரிக் கழிவும் போனது. விகிதத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும். பெட்ஷீட்டுக்கும் சோப்புக்கும் கட்டிய வரி இனி செலவில் சேரும், பௌர்ணமி வாடகையை அதற்கேற்ப நிர்ணயிக்க வேண்டும் என்று திருவண்ணாமலை லாட்ஜ்காரருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

யுபிஐ விஷயமும் அப்படித்தான். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு கடைகளுக்கு வரி நோட்டீஸ் போனது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்தான் ஜிஎஸ்டி பதிவு வரம்பு என்று கேள்விப்பட்டிருக்கும் பூக்கடைக்காரருக்குப் பயம் வருவது இயல்பு. பூவுக்கு வரியே கிடையாது. வரியில்லாப் பொருளை மட்டும் விற்பவர் வரம்பைத் தாண்டினாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதே கடையில் கற்பூரமும் விற்றால் கதை வேறு. இதைப் பக்குவமாக விளக்க ஆள் வேண்டும்.

இத்தனை வேலைக்கும் முதலாளிகள் பலர் இன்னும் ‘எண்ட்ரி போடுகிற’ சம்பளமே கொடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். பி.காம். முடித்த பிள்ளைகளும் எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டு சான்றிதழோடு வருகிறார்கள். ஒரு கடையின் மூன்று மாதக் கொள்முதல் பில்களையும் 2பி-யையும் கையில் கொடுத்து, எது ஏன் இடிக்கிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சி கல்லூரியிலேயே தொடங்கலாம். அதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.