தட்டைத் தாளில் மேடும் பள்ளமும்

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. ஆகையால் ஒரே பொருள் இரு கண்களிலும் சற்றே வேறுபட்ட பிம்பங்களாக விழுகின்றது. இவ்வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தை உணர்கின்றது என்பதை 1838-இல் ஆங்கில விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் எடுத்துக் காட்டினார். பொருளை இன்னதென்று அறிந்துகொண்ட பின்னரே ஆழம் புலனாகுமோ என்ற ஐயம் மட்டும் எஞ்சியிருந்தது.

அதைத் தீர்த்தது கணிப்பொறி. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த பேலா யூலெஸ் 1960-இல் வெளியிட்ட முறை மிக எளியது. ஒரு சதுரம் முழுவதும் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகளைக் கணிப்பொறி ஒழுங்கின்றி இறைக்கின்றது. இது இடக்கண்ணுக்குரிய படம். இதன் பிரதியில் நடுவிலுள்ள சிறு சதுரத்தை மட்டும் நான்கு புள்ளி அளவு இடப்புறம் நகர்த்தி, காலியான இடத்தைப் புதிய புள்ளிகளால் நிரப்பினால் வலக்கண் படம் ஆயத்தமாகும். தனித்தனியே நோக்கினால் இரண்டும் வெறும் புள்ளிக் குவியல்களே. இரு கண்களும் தத்தம் படத்தை ஒருங்கே நோக்கும்போது, நடுச்சதுரம் தாளைவிட்டு எழுந்து நிற்கின்றது!

வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் இடப்படத்தை நீலப்பச்சை நிறத்திலும், வலப்படத்தைச் சிவப்பிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடலாம். கண்ணாடியில் இடப்புறம் சிவப்புத் தாளும் வலப்புறம் நீலப்பச்சைத் தாளும் இருத்தல் வேண்டும். மாற்றி அணிந்தால் மேடு பள்ளமாகிவிடும்.

பெங்களூரில், நீலசந்திராவிலிருந்து அதிகத் தொலைவில்லாத விமானபுரத்துச் செயற்கைக்கோள் மையத்தில் உருவான கார்ட்டோசாட்-1 இதே தத்துவத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தியது. 2005 மே 5 அன்று ஏவப்பட்ட அக்கோளில் முன்னோக்கி 26 பாகையும் பின்னோக்கி 5 பாகையும் சாய்ந்த இரு காமிராக்கள் இருந்தன. 618 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரே நிலத்தை அவை ஏறத்தாழ 52 வினாடி இடைவெளியில் படமெடுத்தன. யூலெஸ் இடப்பெயர்ச்சியைத் தாமே புகுத்தி மேட்டை உண்டாக்கினார். இங்கோ படங்களிலுள்ள இடப்பெயர்ச்சியை அளந்து, கணிப்பொறி குன்றின் உயரத்தைக் கூறுகின்றது.

வகுப்பில் ஓரிரு குழந்தைகள், எவ்வளவு முயன்றாலும் மேடு தெரியவில்லை என்பர். அவர்களைக் கேலிக்கு ஆளாக்கலாகாது. சிலருக்குப் பழக்கமின்மையே காரணமாகலாம். சிலருக்கோ மாறுகண்ணோ, ஒரு கண்ணின் பார்வை மந்தமோ இருக்கக்கூடும். புள்ளிப் படங்களைக் கண் மருத்துவர்களும் சோதனைக்குப் பயன்படுத்துகின்றனர். பார்வை மந்தத்திற்கு இளவயதுச் சிகிச்சையே மிகுந்த பலன் தரும். ஆதலின் அத்தகைய குழந்தையின் பெற்றோரை அழைத்து, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுதல் நலம்.